இரண்டு நிமிடம் நாற்பது நொடி, சத்தமில்லாமல்

அன்புள்ள சண்டைக்கார அக்கா,

இன்று பிப்ரவரி 16. காலை 10:40க்கு முப்பத்தேழு வெடிச்சத்தங்களையும் நீ இயக்கிய ஆவணப்படத்திலிருந்து அழித்தேன்.

அந்தக் கடற்கரைக் காட்சி இப்போது இரண்டு நிமிடம் நாற்பது நொடியும் ஊமையாக ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஏதோ ஒரு பசிபிக் தீவில் எடுத்த பழைய படச்சுருள். கவிழ்ந்த படகுகள், தண்ணீரில் குப்புறக் கிடக்கும் பையன்கள். அன்று படம்பிடித்த கேமராவில் ஒலியே கிடையாது, அப்படியே விடு என்றாய். நான் கேட்டேனா? நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தீபாவளிக்கு நிக்டி வீட்டு மொட்டைமாடியில் பதிவுசெய்த லட்சுமி வெடிகளை இழுத்து நீட்டி, பீரங்கியாக்கி ஒட்டினேன். பெருமையாக ஹெட்போனை உன் காதில் மாட்டினேன். பாதியிலேயே கழற்றினாய்.

"செத்துக் கிடக்கிறவன் தலைமாட்டுல பட்டாசு வெடிக்கிறியாடா?"

"எஃபெக்ட்டுக்குக்கா."

"அவன் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா இதப் போடுவியா?"

அதற்கு மூன்றாவது வாரம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ சொன்னபோதே ஏன் எனக்கு உறைக்கவில்லை?

பதினொரு மணிக்கு உன் தயாரிப்பாளர் குமரேசன் சார் கோந்த்வா ஸ்டுடியோவுக்கு வந்தார். பார்த்தார்.

"ஏனுங் தம்பி, சத்தமில்லாம சண்டையா? டிவி ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க."

"நினைக்கட்டும் சார். அக்கா சம்மதமில்லாம எதையும் மாத்தக்கூடாதுன்னு நீங்கதான் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டீங்க."

"அவங்கதான் இப்ப இல்லீங்களே."

"அதனால சம்மதமும் இல்ல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிங்க. சனிக்கிழமை ஜனங்களுக்குப் போட்டுப் பாக்கலாம். பாதிப் பேர் எந்திரிச்சுப் போனா வெடியத் திரும்பப் போட்டுருங்க."

நான் தலையாட்டவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. உனக்குக் கொடுக்கும் வாக்கைப் பட்டியலாகவே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

1. இன்று மாலைக்குள் அந்த வெடிப் பதிவுகளை பேக்கப்பிலிருந்தும் அழிப்பேன். திரும்பப் போட ஒன்றும் இருக்காது.
2. சனிக்கிழமை லோஹேகாவ் அரங்கில் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் நான் உட்காருவேன். வேறு யார் கையும் அதில் படாது.
3. பாதிப் பேர் போனால் மீதிப் பேருக்கு ஓடும். எல்லோரும் போனால் எனக்கு ஓடும்.
4. படம் முடிந்ததும் அழுவேன். அதுவரை நேரமில்லை.

இந்த ஒருமுறையாவது உன் பேச்சைக் கேட்கும்,
உன் தம்பி