அம்மாவின் லாக்கரைக் காலி செய்தது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஸ்கூடாய் சாலையில் கார்கள் நகரவே இல்லை. குளுவாங் வங்கியிலிருந்து போன். லாக்கர் சேவையை நிறுத்துகிறார்களாம்; மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்குப் பிறகு அது என் பெயரிலும் தங்கை சாந்தி பெயரிலும். "டுவா-டுவா கெனா டத்தாங், புவான்," என்றாள் வங்கிப் பெண் மலாயில். இருவரும் வந்தே ஆகவேண்டும்.

சாந்தியோடு பேச்சில்லாமல் இரண்டு வருடம். அம்மாவின் அட்டிகை யாருக்கு என்று கருமாதி வீட்டிலேயே சண்டை.

மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள்.

வாங்க வேண்டியது: வெங்காயம், பிரஷர் மாத்திரை.

ஜூலை 10, வியாழன்

சாந்தி சிங்கப்பூரிலிருந்து: "நாளைக்கு லீவு. பஸ்ல நேரா பேங்குக்கு வந்துடுறேன்." அவ்வளவுதான்.

பழைய நினைப்பு. தீபாவளிக்கு முன்னால் எஸ்டேட்டிலிருந்து அம்மாவோடு நாங்கள் இருவரும் பஸ்ஸில் குளுவாங் வங்கிக்கு. அட்டிகை ஒரு நாள் அம்மா கழுத்தில். பிறகு மறுபடி லாக்கர். திரும்பும்போது பஸ்ஸில் வாயே திறக்கக்கூடாது என்பாள் அம்மா. சாந்தி சத்தமாக, "அம்மா, நகை பத்திரமா இருக்கா?" மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். தொடையில் கிள்ளு.

தனியாகச் சிரித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

எனக்கு முன்பே வந்திருந்தாள். தலை முழுக்க நரை. கையெழுத்து, சாவி, சின்ன அறை. அட்டிகை, தாலிக்கொடி, குடியுரிமை கிடைக்காத அப்பாவின் சிவப்பு ஐசி அட்டை, எங்கள் பிறப்புப் பத்திரங்கள். அடியில் நகைக்கடை ரோஸ் தாளில் ஏதோ பொட்டலம். சாந்தி பிரித்தாள். பிளாஸ்டிக் பாசிமணி.

ஐந்து வயதில் இதே அறையில், "என்னுதையும் பேங்குல வைக்கணும்" என்று தரையில் உருண்டு அழுதாளே, அந்த மணி.

"அலமாக்! அம்மா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

அட்டிகையை அவள் பக்கம் தள்ளினேன். "எடுத்துக்கோ."

"வேணும்னுதான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு தீபாவளிக்கு நீ போடு, ஒரு தீபாவளிக்கு நான்."

"மொதல்ல யாரு?"

"நான்தான்லா, சின்னவ."

சிங்கப்பூர்ப் பாலம் வரை கொண்டுபோய் விடலாமென்று காரில் ஏற்றிக்கொண்டேன். சிம்பாங் ரெங்கம் தாண்டுவதற்குள் விசும்பத் தொடங்கினாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தினேன். அம்மா போன அன்று ஆளுக்கொரு அறையில் அழுதோம். இன்று அவள் தலை என் தோளில். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும்.