கேட்டுக்கு வெளியே யார்?

டீச்சர்,

இன்று பொன்னேரியில் தலைமை ஆசிரியர்கள் கூட்டம். யாரோ பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுவந்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைக் கொண்டுவரும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

மாதம் ஒரு சனிக்கிழமை நாம் பத்துத் தலைமை ஆசிரியர்கள் கூடுவோம். நீங்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் தன் பள்ளியில் செய்ததைச் சொன்னால், மற்றவர்கள் கேள்விதான் கேட்கலாம், அறிவுரை கூடாது. "புத்தி சொல்றதுக்குத்தான் ஆபீஸ்ல நெறைய பேரு கீறாங்களே" என்பீர்கள்.

அந்தச் சட்டம் என்னையே பதம் பார்க்கும் என்று நினைக்கவில்லை. ஒன்பது மணி அடித்ததும் கேட்டைப் பூட்டுகிறேன், இப்போது தாமதமாக வரும் பிள்ளையே கிடையாது என்று ஒருநாள் மார்தட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும், "பூட்டுன அப்புறம் வெளியே யாரு நின்னுகினு இருந்தாங்கன்னு பாத்தீங்களா?" என்றீர்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது!

ஆனாலும் திங்கட்கிழமை பூட்டியபின் வெளியே போய் நின்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்தே பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் கம்பெனிச் சீருடையோடு அவள் அம்மா, இடுப்பில் கைக்குழந்தை.

"நைட் ஷிப்ட் பஸ்ஸு ஒம்பது மணிக்குத்தான் இறக்கி வுடுது. நான் வந்து சின்னத வாங்கினாத்தான் இவ கெளம்ப முடியும். இன்னா பண்றது? பேசாம பேர எடுத்துடுங்க டீச்சர், ஊட்லயே இருக்கட்டும்."

 அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்து வகுப்பில் உட்கார வைத்தேன். அதன்பின் கேட்டைப் பூட்டவில்லை. இப்போது அவள் ஒன்பதாவது படிக்கிறாள்.

இதை அடுத்த கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. மூன்று கூட்டங்களில் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். நான்காவது கூட்டத்துக்கு முன் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள்.

இன்றுதான் கூட்டத்தில் எல்லாரிடமும் முழுவதையும் சொன்னேன். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. புதிதாக வந்த தலைமை ஆசிரியர் ஒருவர் மட்டும் கேட்டார்: "அந்த டீச்சர் கிட்ட இத்த சொன்னீங்களா மேடம்?"

 வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கேட்டது சரிதான், டீச்சர்.