தையற்காரியின் மூன்று விண்ணப்பங்கள்

அக்கா,

இன்று என் கம்பளிச் சட்டையில் பழங்கடதாசி மணத்தது. உடனே உங்கள் ஞாபகம். நீங்கள் கண்மூடி ஏழு மாதமாகிறது.

ஜெர்மன் பேரரசர் கைசரின் காலத்தில் இந்த நகரத்துப் பொலிஸ், பாலியல் தொழில் செய்த பெண்களின் பெயர்களைப் பட்டியலில் எழுதி வைத்திருந்தது. அதில் பெயர் விழுந்தவள் அடிக்கடி வைத்தியப் பரிசோதனைக்குப் போகவேண்டும். பெரிய தெருக்களில் நடக்கவும் கூடாது. அதைக் கண்காட்சியாக வைக்க நினைத்த அருங்காட்சியகம், ஜெர்மன்காரரே வாசிக்கத் திணறும் அந்தக் காலத்துக் கையெழுத்துக் கோழிக் கிறுக்கலை வாசிக்க, அதைப் படித்திருந்த உங்களைப் பிடித்தது. உங்களோடு ஒட்டிக்கொண்டு நானும் ஆவணக் காப்பகத்துக்கு வந்தேன்.

ஒரு தையற்காரி, பெயரை நீக்கச் சொல்லி மூன்று தரம் விண்ணப்பித்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாள். பொலிஸ் விசாரித்தபோது வேலை இல்லை; மூன்றையும் மறுத்துவிட்டது. ‘ஏமாற்ற முயன்றவள்’ என்று கண்காட்சிப் பொறுப்பாளர் அவளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். நானும் தலையாட்டினேன். நீங்கள் மட்டும் சீறினீர்கள்.

“பேர் வெட்டினால்தான் வேலை, வேலை இருந்தால்தான் பேர் வெட்டுவினம். விசாவுக்கும் வேலைக்கும் இடையில நாங்கள் ஓடின ஓட்டம் மறந்து போச்சோ உனக்கு?”

எனக்கு முகம் சுட்டது. பொறுப்பாளரோ ஆதாரம் கேட்டார்.

தேடத் தொடங்கினீர்கள். உங்களுக்கு நோய் முற்றிய காலம் அது.

“இண்டைக்கு டொக்டரைப் பாக்க டெர்மின் குறிச்சிருக்கெல்லோ அக்கா?”

“வேற நாளுக்கு மாத்திப்போட்டன். இவளின்ரை அலுவல்தான் முதல்.”

மூன்றாம் கிழமை அகப்பட்டது, ஒரு தையற்கடைக்காரரின் கடிதம். பெயர் நீங்கிய மறுநாளே இவளை வேலைக்கு எடுப்பேன் என்று பொலிசுக்கு எழுதியிருந்தார். நீங்கள் மேசையில் அடித்த அடிக்கு வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது!

நேற்றுக் கண்காட்சி திறந்தது. அந்தப் பழைய குறிப்பு இல்லை. மூன்று விண்ணப்பங்களும் கடைக்காரரின் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இன்றைய சட்டப்படி தானும் பதிவு செய்து அதே தொழிலைச் செய்வதாகச் சொன்ன ஒரு பெண், அவற்றை இரண்டு தரம் வாசித்தாள். “இதைக் கண்டுபிடித்தது யார்?” என்று கேட்டாள்.

டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து வந்த நம் தமிழ்ச் சனமும் அங்கே நின்றது. “உந்தப் பெண்டுகளின்ரை கதையை ஏன் தூக்கித் திரியிறா?” என்று உங்களைப் பற்றிக் குசுகுசுத்த அதே சனம். நான் ஒலிவாங்கியை வாங்கி, உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் உரத்துச் சொன்னேன். முதலில் கைதட்டியது அந்தப் பெண். பிறகு மண்டபமே தட்டியது.

வென்றுவிட்டீர்கள் அக்கா. மறுக்கப்பட்ட விண்ணப்பம் எதைக் கண்டாலும், இப்போது நான் எழுதியவளைத்தான் முதலில் நம்புகிறேன்.