பட்டினப்பாக்கத்தின் வெள்ளைக் கடல்

வியாழக்கிழமை, இரவு

கடல் சூடானால் வஞ்சிரம் எங்கே நகரும் என்று என் ஆய்வுக்காக நான் கணித்த வரைபடத்தைப் போன வாரம் மீன் விற்கும் செல்வியக்காவிடம் போனில் காட்டினேன். மீன் இருக்கும் இடம் சிவப்பு. பட்டினப்பாக்கத்துக் கரையோரம் வெள்ளை.

இன்று மீன் வாங்கப் போனேன். “நம்ம கடல்ல மீனே இருக்காதுன்னு காட்னியேம்மா. வூட்டுக்காரரு போட்டை வித்துட்டாரு” என்றாள்.

கரையோரக் கடலின் சூட்டைச் செயற்கைக்கோள் சரியாக அளக்காது. அதனால் அங்கே நான் கணிக்கவே இல்லை. வெள்ளை என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம். அதை அக்காவிடம் சொன்னேன்.

“அப்போ மீனு இருக்குமா?”

“தெரியாதுக்கா.”

அக்கா வழக்கம்போல எனக்கு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுத் தந்தாள். அதை இன்னும் சமைக்கவில்லை.

வரைபடத்தில் வெள்ளையைச் சாம்பல் நிறமாக மாற்றிப் பார்த்தேன். செத்த கடல் மாதிரி இருக்கிறது. தெரியாது என்பதற்கு எந்த நிறத்தைத்தான் போடுவது?