நடக்காத இறுதி ஆட்டம்

சார்,

அச்சகத்திலிருந்து இன்று காலை லீக்கின் சிறப்பு மலர் ப்ரூஃப் வந்தது. உறையைப் பிரித்ததும் காயாத மையின் வாசம். அட்டையில் நீங்கள். பழுப்பு சஃபாரி சட்டை, கழுத்தில் விசில், உதட்டோரம் அந்தச் சிரிப்பு. படத்துக்குக் கீழே 'இளையோர் ஹாக்கி லீக்கின் தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். அந்த வரியை நான் அடித்து நீக்கவில்லை. அது உண்மை. இந்த மலரில் உண்மை மட்டும்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, உங்களைப் புகழ்கிற உண்மையை மட்டும் எப்படி வெட்டுவது?

லீக்கின் வரலாற்றை எழுதச் சொல்லிச் செயற்குழு என்னிடம் கொடுத்தது. உங்களுக்குப் பிறகு செயலாளர் நான்தானே. உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். உங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் ஒருநாள் போட்டிதான். தோற்ற அணி மதியமே பஸ் ஏறிவிடும். வருஷம் பூராவும் பழகிய பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆட்டம். நீங்கள்தான் "எல்லாரும் எல்லாரோடயும் ஆடணும், சொந்த ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணு" என்று சொல்லி அட்டவணை போட்டீர்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தொடங்கி, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் இறுதி ஆட்டம். மைதானம் இல்லாத ஊரில் அறுத்த வயலில் நெல் தாளைச் செதுக்கி, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டால் அதுவே மைதானம். நன்னிலத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் அப்படி எத்தனை வயலில் பந்து ஓடியது! முதலில் பையன்கள், பிறகு பெண்கள். பதினான்கு வயதுக்குள் ஒரு பிரிவு, பதினேழு வயதுக்குள் ஒரு பிரிவு. வயதைச் சரிபார்க்கத் தனிக் குழு. குழு என்றால் நீங்கள் ஒருவர்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத்தான் அந்த வருஷத்துக்கு வந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் அணி லீக்கில் சேர்ந்து அது இரண்டாவது வருஷம். பதினொரு பேரில் ஒன்பது பேர் காலனிப் பெண்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் அம்மாக்களோடு போகிறவர்கள். நான் கேப்டன். கோலில் கஸ்தூரி. அந்த வருஷம் லீக் ஆட்டங்கள் முழுவதிலும் அவளைத் தாண்டி ஒரே ஒரு பந்துதான் உள்ளே போயிருந்தது. இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே நீங்கள் நன்னிலத்தில் நடத்திய கிளப் அணி. மாநில இளையோர் முகாமுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் திருச்சியிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டீர்கள். "உன் வயசுச் சான்று வரல. பதினேழுக்கு மேலன்னு புகார் வந்திருக்கு" என்றீர்கள்.

"போன வாரமே உங்க கையில குடுத்தேனே சார். நீங்க கையெழுத்துக்கூடப் போட்டீங்களே."

"என் கையில யாரும் எதுவும் குடுக்கல."

பிறகு என் வலது கையைப் பிடித்து விரித்து, பந்தலில் இருந்தவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். சேற்றில் ஊறி வெடித்த விரல்கள், அரிவாள் காய்ப்பு. "பாருங்க. இது பதினாறு வயசுப் பொண்ணு கையா?" என்று கேட்டீர்கள். யாரோ சிரித்தார்கள். திருச்சிக்காரர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பேசியிருக்கலாம்.

எங்கள் அணியைத் தகுதி நீக்கம் செய்தீர்கள். உங்கள் கிளப்புக்கு வாக்ஓவர், ஆடாமலே வெற்றி. கோப்பையை உங்கள் கையாலேயே உங்கள் அணிப் பெண்களுக்குக் கொடுத்தீர்கள். கஸ்தூரி காலில் கட்டிய கோல்கீப்பர் பேடுகளைக்கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தாள். அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். "முகாமுக்குப் போயிருந்தா யாரு பொண்ணு கேட்டிருப்பா?" என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் செய்த எதையும் உங்களை நினைக்காமல் செய்ததில்லை. உடற்கல்வி படித்ததும், வேலையை நன்னிலம் பக்கமே கேட்டு வாங்கியதும், என் பள்ளி அணியை லீக்கில் சேர்த்ததும் எல்லாம் அதற்குத்தான். உங்கள் கிளப்பை அடுத்தடுத்து மூன்று வருஷம் தோற்கடித்தோம். மூன்றாவது வருஷம் பரிசு கொடுக்கும்போது, "நீ எந்த ஊரும்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். ஊரைச் சொன்னேன். "அப்படியா, நல்ல ஊரு" என்றீர்கள். என்னை இப்படி ஆக்கிய மனிதருக்கு என் முகமே நினைவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

செயலாளர் தேர்தலில் உங்களை எதிர்த்து நின்று ஜெயித்தேன். பீரோ சாவியைக் கையில் வைத்து, "நல்லா நடத்து, பொண்ணே" என்றீர்கள். அந்தப் பீரோவின் மூன்றாவது தட்டில், அந்த வருஷத்துப் பதிவுக் கட்டுக்குள், என் பிறப்புச் சான்றிதழின் நகல் இருந்தது. மூலையில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி உங்கள் கையெழுத்து. தேதி இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால். ஏன் கிழித்துப் போடவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாத ஆள் நீங்கள். அந்தப் பழக்கம்தான் உங்களைப் பிடித்துக் கொடுத்தது.

அதை எடுத்துக்கொண்டு மறுநாளே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அந்த நேரத்தில் படுக்கையோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தேர்தல் முடிந்த மாதமே பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டதாம். உங்கள் மனைவி கஞ்சி ஊட்டி, கடைவாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நிதானமாகப் படித்தீர்கள்.

"இது ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு." குழறல்தான், ஆனால் தெளிவாகப் புரிந்தது. "பரிசு குடுத்தன்னிக்கே உன்னைத் தெரியும்."

"அப்புறம் ஏன் எந்த ஊருன்னு கேட்டீங்க?"

காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, "நீங்க ஆடியிருந்தா நாங்க தோத்திருப்போம்" என்றீர்கள்.

"பொதுக்குழுவுல இதைப் படிக்கப் போறேன் சார்."

உங்கள் மனைவி என்னைப் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். நீங்கள் சொன்னீர்கள்: "நான் உசுரோட இருக்கற வரைக்கும் வேணாம்மா."

நான் "சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் கோபத்தைத் தின்றே வளர்ந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. அதற்கு அப்புறம் நீங்கள் எட்டு மாதம் இருந்தீர்கள். அந்த எட்டு மாதமும் ஊர் உங்களை நல்லவர் என்றே பேசியது. போன மாதம் போனீர்கள். ஊர்வலத்தில் உங்கள் கிளப்புப் பிள்ளைகள் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நானும் லீக் சார்பில் மாலை வைத்தேன்.

நீங்கள் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை காப்பாற்றினேன் சார். இனி அந்த வார்த்தை என்னைக் கட்டாது. மலரின் பதினெட்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'அந்த ஆண்டு பெண்கள் பிரிவு இறுதி ஆட்டம் நடக்கவில்லை. செயலாளரின் கிளப்பை எதிர்த்து ஆட இருந்த அணித் தலைவியின் வயதுச் சான்று கையில் இருந்தும் இல்லை என்று செயலாளர் அறிவித்தார். சான்றின் நகல் எதிர்ப்பக்கத்தில்.' எதிர்ப்பக்கம் முழுவதும் அந்த நகல். உங்கள் கையெழுத்து மட்டும் பெரிதாக்கப்பட்டிருக்கிறது.

இன்று மதியம் உங்கள் மகன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அச்சகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா போய்ட்டாங்க டீச்சர். இனிமே இது எதுக்கு?"

"அப்பாதான் தம்பி சொன்னாங்க, இருக்கற வரைக்கும் வேணாம்னு. அம்மாவைக் கேளுங்க, பக்கத்துலதான் நின்னாங்க."

"அவர் பேர்ல கோப்பை வைக்கறதா இருக்கோம். இதைப் போட்டா எப்படி வைக்கறது?"

"வைங்க. கோப்பையில அவர் பேரு இருக்கட்டும். மலர்ல இது இருக்கட்டும்."

"உங்களுக்கு இரக்கமே கிடையாதா?"

"இருந்துச்சு. உங்க வீட்டுலதான் அதைச் செலவழிச்சேன்."

அவர் போன பிறகு ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். சாயங்காலம் ப்ரூஃபின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். இப்போது திருத்துறைப்பூண்டியில் நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் படிக்க வைக்கிறாள். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினெட்டாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்றும் எதிர்பார்த்தேன்.

"சாவுறதுக்கு முன்னாடியே இது உன் கையில இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எட்டு மாசம்."

"எட்டு மாசம் வச்சுக்கிட்டு இருந்தியா?" மலரை மூடி என்னிடமே நீட்டினாள். "அந்தாளு கண்ணு முன்னாடி படிச்சிருக்கணும்டி. பந்தல்ல சிரிச்சவங்கள்ளாம் இருக்கும்போது படிச்சிருக்கணும். இப்ப அந்தாளுக்கு என்ன வலிக்கப் போவுது?"

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போய்விட்டாள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, சார். மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் இன்றிலிருந்து இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. அன்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன அந்த 'சரி'. அது என்னுடையது மட்டும் இல்லை, கஸ்தூரியுடையதும்தான். அவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன்.