தூண்களின் நடுச்சட்டம்

காஜா பெராங், மலாக்கா

அன்புள்ள அத்தானுக்கு,

பாப்பா நலம். நம் கடைக்கு மேல் கட்டிய புது மாடியைத் தாங்கும் இரும்புத் தூண்களை நடுவில் இணைத்திருந்த குறுக்குச் சட்டங்களை உங்கள் தம்பி கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கடைக்குள்ள லாரி வரணும்லா அண்ணி! அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு. காலேஜுல தூணப் பத்தியுமா படிச்சீங்க?" என்று சிரிக்கிறார்.

பிடிப்பில்லாத உயரம் இரண்டு மடங்கானால், தூண் கால்பங்குச் சுமையிலேயே வளைந்துவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். நீங்களா எடுக்கச் சொன்னீர்கள்? அவர் பொய் சொல்கிறாரா, அல்லது எனக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றுமாக நீங்கள் பேசுகிறீர்களா?

மெர்டேக்கா சுதந்திர நாளில் மாடிக்குக் குடிபோக வேண்டுமாம். நீங்கள் சொல்லவில்லை என்றால் இன்றே அவருக்குத் தந்தி அடியுங்கள். சொன்னீர்கள் என்றால், சிங்கப்பூரிலிருந்து வந்து அந்த மாடியில் முதலில் நீங்கள் படுங்கள். குடிபோனாலும் அதுவரை பாப்பா பக்கத்து வீட்டு நாகம்மா அக்காவிடம்தான் தூங்குவாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி