ஆறு பேத்தைகளும் நலம்

கடல் வாழ்க, கடலைத் தேடி நடக்கும் ஆறு வாழ்க, இரண்டும் கலக்குமிடத்தில் செங்கோல் வழுவாது வீற்றிருக்கும் கண்டற்கரை நாட்டுத் தலைவி, முகத்துவாரங்களின் காவலர், பேரரசி அலைமொழி நாச்சியார் திருமுன்புக்கு, மேகமுட்டி மலைநாட்டு மன்னர் விறல்வேள் கோதையாரின் ஆணைப்படி அவர்தம் அமைச்சன் வெண்கொற்றன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் படகுகள் நிறைந்து திரும்புக. தங்கள் உப்பளங்கள் காலமறியா மழையில் கரையாதிருக்க.

இங்கு மன்னர் நலம். மலை நலம். ஆறு பேத்தைகளும் நலம். செய்தியை ஓலையின் கடைசியில் வைப்பதே முறை என்பதை அறியாதவன் அல்லேன். முப்பதாண்டு எழுத்தாணி பிடித்த கை இது. ஆயினும் இன்று அது முறைக்கு அடங்க மறுக்கிறது. பொறுத்தருள்க.

எங்கள் அணையால் தங்கள் முகத்துவாரம் கெடுகிறது என்று தாங்கள் முறையிட்டபோது, எங்கள் அவை அதனை நம்பவில்லை. கடலையே வைத்திருப்பவர்களுக்கு நீர் எதற்கு என்று சிரித்தவர்களில் அடியேனும் ஒருவன். அதன்பின் தாங்கள் வழக்குரைக்கத் தூதரை அனுப்பவில்லை. விரற்கடை அளவேயான பேத்தை மீன் எட்டினை ஒரு பானையில் அனுப்பினீர்கள். மூன்று முழுநிலவு வரை இவற்றில் ஐந்தேனும் உயிரோடிருந்தால் மலைநாட்டோடு உறவு தொடரும், இல்லையேல் உப்பு வண்டி ஒன்றும் மலையேறாது என்பது தங்கள் வாக்கு. உப்பில்லாத மலைநாட்டை எண்ணிப் பார்த்த மன்னர், இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

முதற்பிழை எங்கள் பெருமையிலிருந்து வந்தது. அரச விருந்தினருக்கு விருந்துச்சுனை நீரன்றி வேறு நீர் கொடுக்கலாகாது என்பது இம்மலையின் வழக்கம். உள்ளே தெரியும் பளிங்குப் பலகை பதித்த கருங்கல் தொட்டி நிறைய அந்தத் தேன்போன்ற நீரை ஊற்றி, நாதசுரம் முழங்க மீன்களை விட்டோம். ஐந்தே நாளில் இரண்டு மாண்டன. மற்றவை மூலையில் ஒடுங்கின. அன்றே தங்கள் நாட்டுக்கு ஆள் விரட்டினேன்.

தங்கள் உப்பளத்து அம்மையார் காரிச்சி, நான் அனுப்பிய வேண்டுகோள் கண்டு ஐந்து பானைகளோடு வந்து சேர்ந்தார். தொட்டியைப் பார்த்ததும், எங்கள் விருந்தோம்பலைவிடப் பகைமை நல்லது என்று அவையறியச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுவது என் கடமை. பேத்தைக்கு வேண்டியது நன்னீருமன்று, கடல்நீருமன்று, இரண்டும் கலந்த உவர்நீர் என்றும், அதுவும் புதிதாய்க் கலந்த நீர் ஆகாது, வண்டலோடு பழகிய நீரே வேண்டும் என்றும் விளக்கினார். சுனைநீரை இறைத்துவிட்டு, தம் பானைகளிலிருந்த பழைய நீரையும் கண்டல்மர வேர்களையும் வண்டலையும் தொட்டியில் இட்டார். இம்மீன்கள் ஒன்றையொன்று கடிப்பவை ஆதலால் ஒளிந்துகொள்ள உடைந்த பானைகளை ஆங்காங்கே கவிழ்த்தார். பின்பு அடியில் கல் கட்டிய மூங்கில் குழலொன்றை மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடுமிடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார். உப்பு மிகுந்தால் குழல் உயரும், குறைந்தால் தாழும்; கோடு நீரைவிட்டு விலகாமல் காப்பதே அமைச்சரின் வேலை என்றார். அன்றுமுதல் நாட்டுக்காரியம் பார்க்குமுன் நான் குழலைத்தான் பார்த்தேன்.

மீன்கள் தெளிந்தன. தலையை அசைக்காமலே கண்களை மட்டும் தனித்தனியே உருட்டி அவை என்னைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தப் பட்டமும் தந்ததில்லை. ஆனால் இரண்டாம் முழுநிலவு கழிந்ததும் சிறியவை இரண்டு உண்ண மறுத்தன. அவை போனால் எஞ்சுவன நான்கே. உறவும் போகும், உப்பும் போகும். நீரைச் சோதித்தோம், குழல் கோட்டிலேயே நின்றது. காரிச்சி அம்மையாருக்கும் புரியவில்லை. நாள்தோறும் நத்தை இடச் சொன்னேனே, இட்டீர்களா என்று கேட்டார். வெள்ளித் தட்டில் இட்டோம் என்றேன். எதற்கோ மடைப்பள்ளியின் பின்புறம் போனவன் அங்கே முழங்கால் உயரத்துக்கு நத்தை ஓடுகள் குவிந்திருக்கக் கண்டேன். அரச விருந்தினர் உண்கலத்தில் முள்ளோ ஓடோ தோலோ வரலாகாது என்பதால், மடைப்பள்ளித் தலைவர் ஒவ்வொரு நத்தையையும் ஊசியால் உரித்து, சதையை மட்டும் அனுப்பியிருக்கிறார். ஓட்டைக் கடித்துக் கடித்தே தேய வேண்டிய பல் தேயாமல் வளர்ந்து வாயை அடைத்துவிட்டது.

அரண்மனைப் பொற்கொல்லரை அழைத்தோம். அகன்ற கிண்ணத்தில், நீருக்குள்ளேயே, ஈரத்துணியில் ஒவ்வொரு மீனாய் நான் பிடிக்க, கம்பி வெட்டும் சிறு கத்தரியால் அவர் பல்நுனியை நறுக்கினார். முதல் மீன் நெல்லிக்காய்போல் ஊதிப் பெருத்து என்னை வெறுப்போடு பார்த்தது. மறுநாள் இரண்டும் ஓட்டை உடைத்த ஓசை பளிங்குக்கு வெளியே கேட்டது. அமைச்சன் அவ்வோசை கேட்டு அழுதான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓலையின் உயிர்ப்பகுதி இனிமேல்தான் வருகிறது. சென்ற திங்களின் கடும்வெயிலில், கைகால் ஓயாத விழாவேலையில், ஒன்பது நாள் குழலைப் பார்க்கவும் தொட்டிக்கு நன்னீர் வார்க்கவும் மறந்துபோனோம். நீர் ஆவியாய்க் குறைந்தது, உப்பு குறையவில்லை. குழல் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. மீன்களின் வயிறு கருத்தது. அவ்வழியே வந்த மன்னர், உப்பு ஒரு துளியும் சேர்க்காமல் உப்பு எப்படி மிகுந்தது என வினவினார். காரிச்சி அம்மையார் கைகூப்பி, நன்னீர் வருவது நின்றால் இப்படித்தான் ஆகும் என்றும், மலைநாட்டார் அணையின் மதகை அடைத்த நாள்முதல் எங்கள் முகத்துவாரம் கோடைதோறும் இத்தொட்டியே என்றும் விடையிறுத்தார். மன்னர் தாமே ஒரு குடம் சுனைநீர் சுமந்து வந்து, சிறுகச் சிறுக வார்த்து, குழல் கோட்டுக்கு இறங்கும்வரை நின்றார்.

மூன்றாம் முழுநிலவு நேற்று எழுந்தது. ஆறு மீன்களையும் அவையோர் முன்னிலையில் எண்ணினோம். இனி மன்னர் ஆணை. அணையின் பதினொரு மதகுகளில் மூன்று, கோடை முழுதும், எக்காரணத்தாலும் அடைபடலாகாது. முகத்துவாரத்தில் எங்கள் குழலைப் போன்றதொரு குழலைத் தாங்கள் மிதக்கவிடுக. கோடு நீரைவிட்டு உயர்ந்தால் எங்களுக்கு ஆள் அனுப்புக, மேலும் இரண்டு திறக்கும். இதை மறுக்கும் அதிகாரி அவர் எவராயினும், நத்தை உரிக்கும் வேலைக்கு அனுப்பப்படுவார்.

இவ்வோலைக்கு இட்ட மண் இலச்சினை, தொட்டியின் அடியிலிருந்து எடுத்த வண்டல். தங்கள் நாட்டு மண். அதன்மேல் மன்னர் தம் கைப்பட மோதிரம் அழுத்தியருளினார்.

ஓலை கொணரும் தூதர் மலையிறங்கி வர எட்டு நாளாகும். மதகுகள் இன்று விடியலிலேயே திறந்தன. நீர் ஐந்தே நாளில் வந்துவிடும். ஆகவே இதை வாசித்து முடித்ததும், பேரரசி முகத்துவாரத்துக்கு எழுந்தருளி, ஒரு கை நீர் அள்ளி நாவில் வைத்துப் பார்த்தருள்க.